கேமரா யார் சட்டையில், பதிவு யார் கையில்?

காவலர்களின் சட்டையில் ஒரு சின்னப் பெட்டி ஏறியிருக்கிறது. சென்னையில் போக்குவரத்துக் காவலர்கள் அதை மார்பில் மாட்டிக்கொண்டு நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வண்டியை நிறுத்தி அபராதம் போடும்போது வாக்குவாதம் வந்தால், யார் என்ன பேசினார்கள் என்பது அதில் பதிவாகிவிடும். ‘பாடி கேமரா’ என்கிறார்கள். வாகனச் சோதனையில் தொடங்கியது, மெல்லக் காவல் துறையின் மற்ற வேலைகளுக்கும் வரும். வரட்டும், அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காலனித் தெருவில் குடியிருக்கும் நாம், அது வருவதற்கு முன்பே கேட்டுவைக்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. பொத்தானை அழுத்துவது யார்? பதிவு எங்கே போய்ச் சேர்கிறது? நாம் கேட்டால் அது நம் கைக்குக் கிடைக்குமா?

இவை வெறும் சந்தேகத்தில் பிறந்த கேள்விகள் அல்ல. பதிவு செய்யும் கருவி இருந்தும் பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நாட்டுக்கே காட்டியது நம் தூத்துக்குடி மாவட்டம்தான்.

சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது

2020 ஜூன் 19. கொரோனா ஊரடங்கு நேரம். கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை நடத்திய மகனையும் அவருடைய தந்தையையும் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி காலை தந்தை இறந்தார்.

அந்தக் காவல் நிலையத்தில் சி.சி.டி.வி. கேமரா இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி அங்கே விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், பதிவுகளைக் கேட்டார். ஒரு டெராபைட் கொள்ளளவு கொண்ட ஹார்ட் டிஸ்க் இருந்தது. நாள் கணக்கில் பதிவை வைத்திருக்க இடம் தாராளம். ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்தது. ஜூன் 19ஆம் தேதி இரவு அதில் இல்லை.

போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கையோ, அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்றது. பக்கத்துக் கடையின் கேமரா வேறு கதை சொன்னது. அதில் உருளலும் இல்லை, புரளலும் இல்லை. உள்ளே இரவில் நடந்ததைத் துணிந்து சொன்னது அதே நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர். சாட்சியங்களைக் காப்பாற்ற, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது உயர் நீதிமன்றம். அரசு வாங்கிக் கொடுத்த கேமரா ஊமையாக இருந்தபோது, தனியார் கடைக் கேமராவும் ஒரு பெண்ணின் மனசாட்சியும்தான் பேசின.

இறந்தவர்கள் நம் சமூகத்தவர் அல்லர். அவர்களுக்காகக் கடைகள் அடைக்கப்பட்டன, மாநிலமே பேசியது, சி.பி.ஐ. வந்தது. அவ்வளவு பேர் பின்னால் நின்ற ஒரு குடும்பத்துக்கே பதிவு கிடைக்கவில்லை. செங்கல் சூளைக்கும் உப்பளத்துக்கும் கூலிக்குப் போகும் ஒரு பள்ளர், பறையர், அருந்ததியர் வீட்டுப் பிள்ளையை இரவில் அழைத்துப் போனால், அந்த இரவின் பதிவை யார் போய்க் கேட்பது? அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

நீதிமன்றம் சொன்னது ஏட்டில் இருக்கிறது

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. நாட்டில் உள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும். வாசல், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பிடம், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, நிலையத்தின் பின்பக்கம் என எந்த இடமும் விட்டுப்போகக் கூடாது. படம் மட்டும் போதாது, குரலும் பதிவாக வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த வசதியுள்ள கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். கேமரா வேலை செய்கிறதா என்பதற்கு நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. இங்கே கேமரா இருக்கிறது, மனித உரிமை மீறல் நடந்தால் புகார் செய்யலாம் என்று உள்ளூர் மொழியிலும் பெரிதாக எழுதிப் போட வேண்டும்.

மாவட்டந்தோறும் ஒரு மேற்பார்வைக் குழு வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. யாரும் புகார் கொடுக்காத நிலையிலும், பதிவுகளைப் பார்த்து மனித உரிமை மீறல் நடந்திருக்கிறதா என்று ஆராய்வது அந்தக் குழுவின் வேலை. அந்தக் குழுவில் மாவட்ட ஆட்சியர் இருக்கிறார், மேயரோ மாவட்ட ஊராட்சித் தலைவரோ இருக்கிறார். தம் நிலையங்களைத் தாமே கண்காணிக்கும் எஸ்.பி.யும் இருக்கிறார். அப்படி ஒரு குழு இருப்பதே நம் ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தீர்ப்பு வந்து ஐந்தாண்டு ஆகப்போகும் நேரத்தில், 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமராக்கள் வேலை செய்யாததைப் பற்றி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ராஜஸ்தானில் எட்டு மாதத்தில் 11 பேர் காவலில் இறந்ததாக ஒரு நாளிதழ் எழுதிய செய்தி அதற்குக் காரணம். கேமரா மாட்டுவது ஒரு வேலை, அதை ஓட விடுவது இன்னொரு வேலை என்பது இதிலிருந்தே விளங்கும்.

கறுப்பின மக்கள் பார்த்தது

சட்டையில் மாட்டும் கேமராவை நமக்கு முன்பே பார்த்தவர்கள் அமெரிக்காவின் கறுப்பின மக்கள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தபோது, அந்தப் பெயரே அவர்களுடைய பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்திடமிருந்து வந்தது. போலீஸ் அடியை அறிந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது புதிதல்ல. அவர்கள் அனுபவத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

கலிபோர்னியாவில் ரியால்டோ என்ற சிறு நகரம். 2012இல் அங்கே 54 காவலர்களை வைத்து ஓராண்டு சோதித்தார்கள். போலீஸ் மீதான புகார்கள் முந்தைய ஆண்டைவிட 88 சதவீதம் குறைந்தன. பலப்பிரயோகம் 60 சதவீதம் குறைந்தது. அந்த எண்களைப் பார்த்துத்தான் உலகமே கேமரா வாங்கத் தொடங்கியது. ஆனால் தலைநகர் வாஷிங்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. கேமரா மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை என்றது அது. கருவி ஒன்றே. ஊரும், அதிகாரியும், விதியும் மாறினால் பலனும் மாறுகிறது.

பால்டிமோர் நகரத்தில் 2017இல் நடந்தது நாம் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. ஒரு காவலர் சந்து ஒன்றில் போதைப்பொருள் பொட்டலத்தை ஒளித்து வைத்துவிட்டு, தெருவுக்கு நடந்து வந்து, கேமராப் பொத்தானை அழுத்தி, அதன் பிறகு புதிதாகத் தேடிக் கண்டுபிடிப்பதுபோல நடித்தார். அந்தக் கேமரா, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிகளையும் ஒலி இல்லாமல் சேமித்து வைக்கும் வகை. அவர் அதை மறந்துவிட்டார். அந்த அரை நிமிடம்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது. பொத்தான் யார் கையில் என்ற கேள்வி ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு காவலரின் முழங்கால் நெரித்தபோது, அங்கிருந்த காவலர்களின் கேமராக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அன்று போலீஸ் வெளியிட்ட அறிக்கை, உடல்நலக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்ற பாணியில் இருந்தது. உண்மையை உலகுக்குக் காட்டியது, வழியில் நின்று செல்போனில் படம் பிடித்த 17 வயதுச் சிறுமி. காவலர்களின் பதிவு இருந்தது, ஆனால் அது போலீஸ் பெட்டிக்குள் இருந்தது. அந்தச் சிறுமியின் பதிவு மக்களிடம் இருந்தது. நமது இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு இதில் பதில் இருக்கிறது.

மார்புக் கேமரா நம்மைத்தான் பார்க்கும்

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காவலர் மார்பில் இருக்கும் கேமரா காவலரைப் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவரைத்தான் பார்க்கிறது. நினைவு நாளிலும் மறியலிலும் நம் பிள்ளைகள் கோபத்தில் கத்துவது முழுதாகப் பதிவாகும். அதற்கு முன்னால் விழுந்த அடியும், அதற்கு முன்னால் வந்த சொல்லும் பதிவாகாமல் போகலாம். நடந்ததில் ஒரு துண்டு மட்டும் நீதிமன்றத்துக்குப் போனால், அது பொய்யைவிட மோசம்.

1999 ஜூலை 23ஆம் தேதி பக்கத்து மாவட்டமான நெல்லையில், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின் மீது தடியடி நடந்தது. தாமிரபரணியில் குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள். கூட்டம்தான் கலவரம் செய்தது என்று அன்றும் சொன்னார்கள். ஆற்றில் இறங்கி ஓடியவர்கள் மீதும் லத்தி விழுந்ததை மக்கள் பார்க்க முடிந்தது என்றால், கரையில் நின்ற பத்திரிகை, வீடியோ கேமராக்களால்தான். ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படம் ஊர் ஊராகப் போனதும் அப்படித்தான். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி போலீசாரால் அடிபட்டு இறந்தபோதும், அடித்ததைக் காட்டியது யாரோ ஒருவர் மறைந்திருந்து எடுத்த செல்போன் பதிவு. ஆகவே காவலருக்குக் கேமரா கொடுப்பதால், மக்கள் கையில் இருக்கும் கேமராவுக்கு வேலை இல்லாமல் போய்விடாது. ‘நாங்களே எடுக்கிறோம், நீ ஏன் எடுக்கிறாய்’ என்று செல்போனைப் பிடுங்க இது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

கேமரா முதலில் வேண்டிய இடம் எழுத்தர் மேசை

தெருவில் நடக்கும் தடியடி எப்போதோ ஒரு முறை. நமக்கு வாரந்தோறும் நடக்கும் அநீதி வேறிடத்தில் நடக்கிறது. அது காவல் நிலையத்தில் மனு வாங்கும் மேசை.

வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில், நம் ஊர்ப் பேச்சில் ‘பி.சி.ஆர். கேஸ்’, புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். காலையில் போனால் அய்யா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்பார்கள். மாலையில் போனால் ஊர்ப் பெரியவர்கள் வரட்டும், பேசி முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். வற்புறுத்தினால் வழக்கு எண் இல்லாத சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கைக்கு வரும். மறுநாள் எதிர்த்தரப்பும் நம் மீது ஒரு மனு கொடுத்திருக்கும். வழக்கே பதிவானாலும், நாம் வாயால் சொன்ன சாதிப் பெயர் எழுத்தில் இருக்காது. ‘ஆபாசமாகத் திட்டினார்’ என்று மட்டும் இருக்கும். பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவற்றில், பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவு செய்தார் என்பதுதான் குற்றத்தின் உயிர். அந்த ஒரு சொல் முதல் தகவல் அறிக்கையில் இல்லை என்றால், பல ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் ‘இதைப் பிறகு சேர்த்துச் சொல்கிறார்’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். வழக்கு அங்கேயே சாயும்.

சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வாயால் சொன்ன புகாரை எழுதிய பின் கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும். நகலை உடனே கொடுக்க வேண்டும். 60 நாளில் விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இவற்றை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவராக இருந்தால், பிரிவு 4இன்படி அவருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. இச்சட்டக் குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் வீடியோவில் பதிவாக வேண்டும் என்று 15ஏ(10) சொல்கிறது. அது நீதிமன்றத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை என்று காவல் நிலையம் தட்டிக் கழிக்கலாம். ஆனால் பிரிவு 4 அவர்களுக்கானதுதான். அந்தக் கடமையைச் செய்தார்களா இல்லையா என்பதைக் காட்ட, மேசைக்கு மேல் ஓடும் ஒரு கேமராவையும் அதில் கேட்கும் நம் குரலையும் விடச் சிறந்த சாட்சி எது?

விடிகாலைச் சோதனைக்கும் பதிவு கட்டாயம்

1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி நம் மாவட்டத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பொருட்களை அடித்து நொறுக்கியதையும், சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் அழித்ததையும், குடிக்கும் கிணற்றைக் கெடுத்ததையும் மக்கள் சொன்னார்கள். சோதனைக்கு வந்தோம் என்றது போலீஸ். எது சோதனை, எது சூறை என்று காட்ட அன்று ஒரு பதிவும் இல்லை.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி, வீட்டைச் சோதனையிடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும், கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரை, ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்ய வேண்டும். செல்போனிலேயே செய்யலாம். பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். இது காவலர் விருப்பம் அல்ல, கட்டாயம். சட்டையில் கேமரா இல்லை என்பது இனி ஒரு காரணமே இல்லை. அடுத்த முறை விடிகாலையில் கதவு தட்டப்பட்டால், ‘வீடியோ எடுக்கிறீர்களா அய்யா? எந்தக் கோர்ட்டுக்கு அனுப்புவீர்கள்?’ என்று வீட்டுப் பெண்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

காவல் நிலையத்தில் மனு வாங்க மறுத்தாலோ, மிரட்டினாலோ, அடித்தாலோ, அன்றே ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். ‘இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, நிலையத்தின் இன்ன இடத்தில் நான் இருந்தேன். அந்த நேரத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பரம்வீர் சிங் சைனி தீர்ப்பின்படி இது என் உரிமை’ என்று எழுதுங்கள். ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒவ்வொரு நகல். கேட்காத பதிவு காணாமல் போனால் ‘கோளாறு’ என்பார்கள். எழுத்தில் கேட்ட பிறகு காணாமல் போனால், அதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

புகாரே வாங்காவிட்டால், வன்கொடுமை தடுப்பு விதிகளின் 5(3)இன்படி அதை எழுத்தில் தபால் மூலம் எஸ்.பி.க்கு அனுப்பலாம். பிரிவு 4இன் கீழ் ஒரு அதிகாரி மீது வழக்கு வர நிர்வாக விசாரணையின் பரிந்துரை தேவை. அந்த விசாரணையில் வைக்க நம் கையில் இருப்பது மேலே சொன்ன கடிதமும் அதன் ஒப்புகையும்தான்.

நம் செல்போனில் எடுத்த பதிவு இருந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழுடன்தான் அது நீதிமன்றம் ஏறும். அதற்கு வழக்கறிஞர் உதவுவார். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் முகமோ பெயரோ தெரியும் பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதுவே ஒரு குற்றம். நம் பிள்ளைக்கு நாமே செய்யும் கேடும்கூட.

கடைசியாக ஒன்று. வன்கொடுமை தடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அதில் நம் சமூகத்தைச் சேர்ந்த அலுவல் சாராத உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். மாவட்டத்தில் எத்தனை காவல் நிலையங்களில் கேமரா ஒலியுடன் ஓடுகிறது? எத்தனை நாள் பதிவு இருக்கிறது? மனு வாங்கும் மேசை அதில் தெரிகிறதா? பாடி கேமரா வரும்போது, பொத்தானை எப்போது அழுத்த வேண்டும், பதிவை எத்தனை மாதம் காக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு எத்தனை நாளில் நகல் தர வேண்டும் என்று எழுத்தில் விதி இருக்கிறதா? பரம்வீர் தீர்ப்பு நிலையத்துக் கேமராவைப் பற்றியது. அதே காப்புக் காலமும் அதே உரிமையும் சட்டையில் ஏறும் கேமராவுக்கும் உண்டு என்று எழுதி வாங்க வேண்டிய நேரம் இது.

உங்கள் ஊரில் அந்தக் குழுவின் உறுப்பினர் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் கேளுங்கள். பெயர்களைக் கேட்டு வாங்கி, இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்.